எந்த மேட்டுக்கு

பக்கீர் நானாவின் பழைய வண்டிக் கடைக்கு அந்த உயரமான மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்த மறுநாள் காலையில், கடை ஒரு மேட்டின் மேல் இருந்தது. அளக்கரையில் அதுவரைக்கும் மேடு என்று ஒன்று கிடையாது. கடலும் உப்பளமும் தெருவும் ஒரே பாயை விரித்துப் போட்ட மாதிரி கிடக்கிற ஊர் அது. அங்கே சைக்கிளை மிதிக்காமல் விட்டால் எந்தப் பக்கமும் உருளாது, கொட்டிய தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் கொட்டிய இடத்திலேயே காயும், வெளியூர் போய் வந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இறக்கத்தில் இறங்கினால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்பது தெரியாது. ஆகவே கடை திறக்க வந்த நானாவுக்கு மூச்சு வாங்கியபோது அவர் தன் வயசைத்தான் திட்டிக்கொண்டார். மேலே வந்து பூட்டைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கீழே பஸ் ஸ்டாண்டு தெரிந்தது, பஸ் ஸ்டாண்டின் கூரை தெரிந்தது, கூரைமேல் யார் யாரோ எப்போதோ எறிந்த ஒற்றைச் செருப்புகள் தெரிந்தன. "ரோடு போட வந்தானுவ போல," என்று சொல்லிவிட்டு பிஸ்மி சொல்லி ஊதுபத்தி கொளுத்தினார்.

வண்டியைக் கொண்டுவந்தவன் கோயம்புத்தூர்ப் பக்கத்து டாக்டர் வீட்டுப் பையன். இமயமலை வரைக்கும் அதில் போய் வந்தவன், கடலையும் பார்த்துவிடலாம் என்று கிழக்கே வந்தவன், அளக்கரைக் கடற்கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, ஏறி ஏறி அலுத்துப்போச்சு, இனிமே நடக்கிறேன் என்று வண்டியை நானாவிடம் தள்ளிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். இத்தாலியில் செய்த வண்டி அது. கொக்கு மாதிரி நீண்ட கால், முன்னால் கொக்கின் அலகு மாதிரியே நீட்டிக்கொண்டிருக்கும் மட்கார்டு, இரண்டு பக்கமும் அடிபட்டு நெளிந்த அலுமினியப் பெட்டிகள், எந்தெந்த மலையின் சேறோ எஞ்சினுக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. மலையிலேயே கிடந்த வண்டி, சமதரையில் நிற்கத் தெரியாமல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டுவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே மேடு. வண்டியை நகர்த்தினால் மேடும் கூடவே நகர்ந்தது. நடுவில் இருக்கிற வீடுகள், அலையில் படகு ஏறி இறங்குகிற மாதிரி, மெல்ல உயர்ந்து மெல்ல அமர்ந்தன, குடத்துத் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நேரானது, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் ஆட்டாமலே ஆடித் தூங்கின. முதல் வாரம் ஊர் முணுமுணுத்தது. டீக்கடைப் பெஞ்சில் வைத்த கிளாஸ் வழுக்கிப் போனது. இரண்டாவது வாரம் டீக்கடைக்காரர் பெஞ்சின் ஒரு பக்கக் காலை அறுத்தார், அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆடுகள் யாரையும் கேட்காமல் முதல் நாளே உச்சிக்குப் போய் நின்றுகொண்டன. பிள்ளைகள் தென்னை மட்டையில் உட்கார்ந்து சறுக்கின. துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருக்கிறவர்கள் மேலே போனால் டவர் நன்றாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கல்யாணம் ஆன ஜோடிகள் போட்டோ பிடிக்க வந்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர், "மேட்டு ஸ்டாப்பிங்லாம் எறங்கு," என்று அங்கே என்னவோ பிறந்ததிலிருந்து மேடு இருந்த மாதிரி குரல் கொடுத்தார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தலையைச் சொறிந்து, இரண்டு போண்டா தின்றுவிட்டுப் போனார்.

தியாகேசன் அந்த மேட்டில் ஏறியபோது ஊர் இதற்கெல்லாம் பழகிவிட்டிருந்தது. ஐம்பதுக்கு ஒன்றிரண்டு வயசு குறைந்தவன். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் துறையில் ஆங்கில வரைபடங்களைப் படித்து நம்மூர்ப் பையன்களுக்குத் தமிழில் விளக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அளக்கரைக்கே திரும்பி, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் இருந்தபோது சனிக்கிழமை காலைகளில் இந்த மாதிரி வண்டிகள், பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் பாலம் தாண்டி மலேசியாவுக்குள் போவதை அவன் பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்திருக்கிறான். போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்று யோசித்ததுண்டு.

"ஒளிக்காம சொல்றேன் தம்பி," என்றார் நானா. "இதுல உக்காந்தா உங்களுக்குக் கால் எட்டாது. கட்டைவெரல் நுனிதான் படும். சிக்னல்ல நிக்கறது கழைக்கூத்தாடி வேலை."

"நம்மூர்ல ஏது நானா சிக்னலு?"

"அது ஒரு நல்லது. வெச்சுக்குங்க. கிளட்ச் ஒயர் அறுந்தா மெட்ராஸ்லயே கெடைக்காது. கம்பெனிக்காரன் கடையச் சாத்திக்கிட்டு ஊருக்கே போயிட்டான். இத்தாலிக்குத்தான் எழுதிப் போடணும். நீங்க இங்கிலீசு படிச்சவரு, எழுதிப்புடுவீங்க."

"அவனுக்கு இங்கிலீசு தெரியணுமே."

"அது ஒரு கெட்டது." நானா துணியால் டேங்கைத் துடைத்தார். "ஆனா ரோடு இல்லாத எடத்துல போகும். ரோடு என்னாத்துக்குன்னு நம்மளையே கேக்கும். பள்ளத்துல எறங்கி ஏறினா உங்க முதுகுக்குச் சேதியே வராது. டேங்க ரொப்பிக்கிட்டா ராமேஸ்வரம் போயி ரொட்டி தின்னுட்டுத் திரும்பிடலாம். பஸ் டிரைவரு கண்ணுக்கு நேராப் பாத்து ஹாரன் அடிக்கலாம். அதெல்லாம் சரி, கனம்தான் எருமைக் கனம். கீழ விழுந்துச்சுன்னு வைங்க, ஒத்த ஆளா நிமித்த முடியாது. ரெண்டு பேரு வேணும். வூட்டுல…" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"மேடு?" என்று கேட்டான் தியாகேசன்.

"மேடு நான் சும்மா சேத்துக் குடுக்கறது. அது நல்லதுல சேத்தியா கெட்டதுல சேத்தியான்னு எனக்குச் சொல்லத் தெரியல தம்பி. வண்டிக்குத்தான் நான் பொறுப்பு. ஓட்டிப் பாருங்க. எத்தினி நாளு வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க. கொடைக்கானலுக்கு மேல ஒரு பூண்டு யாவாரி போன் போட்டுக்கிட்டே இருக்கான். நீங்க வேணாம்னா அவனுக்கு."

அவன் ஓட்டினான். ஊருக்கு வெளியே, கடலை ஒட்டிய மண் பாதையில், முதல் கியரிலும் இரண்டாவதிலுமாகப் போனபோது தரை அவனுக்கு முன்னால் முதுகை வளைத்து எழுந்தது. எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது, சவுக்குத் தோப்பு கீழே போயிற்று, தென்னை மரங்களின் கழுத்து தெரிந்தது, பிறகு தலை தெரிந்தது, அதற்கும் பிறகு, பிறந்ததிலிருந்து நேருக்கு நேராக மட்டுமே பார்த்திருந்த அளக்கரைக் கடலை அவன் மேலிருந்து பார்த்தான். அது சின்னதாக இருந்தது. ஓரத்தில் நுரையைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவன் உச்சியில் நின்றான், நின்றதும் காதுக்குள் கலாமணி கேட்டாள், இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போலவே, கோபமோ பதற்றமோ இல்லாமல், எந்தக் கடையில் புளி வாங்குவது என்று கேட்கிற குரலில்: "எந்த மேட்டுக்குங்க?"

கலாமணி அவன் மனைவி. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில், கிழக்குத் தெரு வீட்டுக்கு அவன் போன் போட்டபோது, கடல் உள்ளே போய்விட்டதாம், சனம் வேடிக்கை பார்க்க ஓடுகிறது, ஒரு மாதிரியாகச் சத்தம் வருகிறது என்று அவள் சொன்னாள். வேலை செய்யும் இடத்து டிவியில் அப்போதுதான் வேறு ஏதோ தேசத்துக் கடற்கரையைக் காட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவன் கத்தினான், மேட்டுக்கு ஓடு, எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஓடு என்று. ஆங்கிலத்தில் அங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவன் தமிழில் சொன்னான்; அதுதானே அவன் வேலை. அவள் கேட்டாள். எந்த மேட்டுக்குங்க என்று. பிறகு லைன் இல்லை. உப்பளத்து வரப்போரத்தில் கிடைத்தாள், முந்தானையில் வீட்டுச் சாவி முடிந்திருந்தது. விமானத்தில் வந்து சேர்ந்தவன் கையில் சாவியைக் கொடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.

இப்போது காலுக்குக் கீழே மேடு இருந்தது. இதை வாங்கிவிட்டால் அது அவனுடையது.

வண்டியை அவன் நானா கடையில் திருப்பி விடவில்லை. கிழக்குத் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில், முன்பு வீடு இருந்த மனையிலேயே நிறுத்தினான். மறுநாள் முதலில் ஏறி வந்தவள் மீன் விற்கிற செவத்தகன்னி. கூடையைத் தலையில் வைத்தபடியே சரிவில் ஏறினாள், பாதிக்கு மேல் வந்து நின்றாள், மூச்சை விட்டாள், கூடைக்குள்ளிருந்து ஒரு செங்கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"என்னாக்கா இது?" என்றான்.

"எங்க ஊட்டுக்காரருக்கு முட்டிவலி தம்பி. இதுக்கு மேல ஏறியிருக்க மாட்டாரு. நாங் கத்தியிருப்பேன், வாய்யா வாய்யான்னு. போடி நீன்னு இங்கனயே உக்காந்து பீடியப் பத்த வெச்சிருப்பாரு." அவள் சுற்றிப் பார்த்தாள். "இது போதுமில்ல? தண்ணி இதுக்குக் கீழதானே?"

அதைச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது பள்ளிக்கூடத்துச் சுவரில் கறையாக இருந்தது, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மேலே வந்துவிடும் கறை. கொத்தனார் ஒருவர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு முனையைப் பள்ளிக்கூடத்துக் கறையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறு முனையைத் தெருத்தெருவாகச் சந்து சந்தாக இழுத்துவந்து, கறையின் உயரத்தை மேட்டின் சரிவில் காட்டினார். அந்த இடத்திலிருந்து மேட்டைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். செவத்தகன்னியின் செங்கல் கோட்டுக்கு மேலே இருந்தது. அவள் அழவில்லை, "பாத்தியா, நாஞ் சொன்னேன்ல," என்று செங்கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு மீன் விற்கப் போனாள்.

அதன் பிறகு எல்லாரும் வந்தார்கள். யார் எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்கள், எங்கே நின்றிருப்பார்கள் என்று குடும்பம் குடும்பமாகப் பேசி, சில வீடுகளில் சண்டையே போட்டு, இடம் வைத்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கிய மகளின் இடத்தை உச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள் ஒரு தாய். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓடியிருப்பவளுக்கு ஓர் ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஒருவர் கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்றை நட்டார். பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்து ஒரே காலையில் போய்ச் சேர்ந்த பங்காளிகள் இரண்டு பேரின் கல்லை அடுத்தடுத்து வைத்து, "இப்பவாச்சும் பேசித் தொலைங்கடா," என்றார்கள். கோட்டுக்குக் கீழே ஒரு கல்கூட இல்லை. சாயங்காலங்களில் சனம் வந்து அவரவர் கல் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது, மருமகளைப் பற்றிக் குறை சொன்னது, இருட்டுவதற்குள் இறங்கிப் போனது. தியாகேசன் மட்டும் கல் வைக்கவில்லை. அவனுக்கு இடம் தெரியவில்லை. கலாமணி எந்தப் பக்கமாக ஓடியிருப்பாள் என்பதை அவனால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. எண்ண ஆரம்பித்தால் அவள் கேட்டுவிடுவாள்.

மீனவத் தெருவின் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் தனபால் அவனைத் தேடி வந்தார். "தியாகு, வாங்கிடு. யோசிக்காத. வாங்கி இங்கயே நிறுத்து. நாங்க இத்தினி வருசமா ஒரு காதத் தெறந்து வெச்சுக்கிட்டே தூங்கறோம். இப்பதான் ரெண்டு காதயும் மூடறோம்," என்றார்.

இதைக் கேட்டுவிட்டு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அவன் நாளைக்கே நானாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். அன்றைக்கு மத்தியானம் பூமயில் வந்தாள்.

பூமயில் கலாமணியின் தங்கை. குத்தகைக்கு உப்பளம் எடுத்து, பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள். வேலை வாங்குகிறவள் என்றாலும் அவளும் பாத்தியில் நின்று மிதிப்பவள்தான். முழங்கால் வரைக்கும் காய்ந்த சேற்றோடு மேட்டின் அடிவாரத்தில் நின்று, ஏறாமல், கீழே இருந்தே கூப்பிட்டாள். "அத்தான், வாங்க. ஒண்ணு காட்டறேன்."

உப்பளத்தில் அவள் கையால் காட்டினாள். பாத்தியின் ஒரு மூலையில் உப்புத் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் தேங்கியிருந்தது. எதிர் மூலை வறண்டு வெடித்திருந்தது. விரல் கனத்துக்கு ஒரே சீராகத் தண்ணீர் நின்றால்தான் உப்பு பூக்கும். அதற்காகத்தான் தை பிறந்ததும் பெண்கள் வரிசையாக நின்று, ஒரு பாதம் விட்டு அடுத்த பாதமாக, பாத்தியின் தரையைக் கண்ணாடி மாதிரி மிதித்து வைப்பார்கள்.

"மூணாந்தடவை மிதிச்சாச்சு," என்றாள். "வண்டி அந்தண்டை போனா பாத்தி இந்தண்டை சாயுது. இந்தண்டை வந்தா அந்தண்டை. தரைங்கறது ஒரே துணி அத்தான். நடுவுல கிள்ளித் தூக்கினா ஓரமெல்லாம் இழுக்கத்தான் செய்யும். பக்கத்து ஊர்க்காரி உப்பு வாரி அம்பாரமாக் குவிக்க ஆரம்பிச்சுட்டா. எம் பாத்தியில வெடிப்புதான் வெளையுது. எங்கூட மிதிக்கறவளுவ வூட்டுல என்னாத்தப் போட்டு உலை வெப்பாளுவ, ஒசரத்தையா?"

"நாட்டார் சொன்னது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். செவத்தகன்னி அக்கா இப்ப தூக்க மாத்திரை போடறதில்ல, அதுவும் தெரியும். நான் என்ன மேட்டக் கொளுத்துங்கன்னா சொன்னேன்? நீங்க வாங்கறீங்களா இல்லையான்னு சொல்லுங்க. வாங்கினா நான் குத்தகைய விட்டுட்டுத் திருப்பூருக்குப் போறேன். பனியன் தைக்கறதுக்குத் தரை மட்டமா இருக்கணும்னு இல்ல."

இதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உப்பு வாரும் வீடுகளிலும் கல் வைத்தவர்கள் இருந்தார்கள், கல் வைத்த வீடுகளிலும் உப்பு வாருகிறவர்கள் இருந்தார்கள். ஒரே ஆள் காலையில் மேடு வேண்டாம் என்றார், சாயங்காலம் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: வாங்குகிறவன் முடிவு. டீக்கடைப் பக்கம் தியாகேசன் வந்தால் பேச்சு நின்றது, அவன் டீயில் சர்க்கரை கூடுதலாக விழுந்தது.

அவன் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்த்தான். நல்லது என்று வைத்த தட்டில் உயரம் இருந்தது, தூக்கம் இருந்தது, கல் வைத்தவர்களின் வேர்க்கடலைச் சாயங்காலங்கள் இருந்தன, இருபது வருஷக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. இன்னொன்றில் பூமயிலின் வெடித்த பாத்தி இருந்தது. தராசு நிற்கவே இல்லை. ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில், அவன் உப்பளத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டான்.

"ஒரே ஒரு தடவை மேல ஏறி வா. உங்க அக்காவோட எடத்தை நீ காட்டு. அவ எப்படி ஓடுவான்னு உனக்குத்தான் தெரியும். எடத்தை வெச்சிட்டு முடிவு பண்றேன்."

பூமயில் உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள். பிறகு, "அக்கா எடம் அங்க இல்ல அத்தான்," என்றாள்.

"தெரியும். மேடு இருந்திருந்தா எங்க இருக்கும்னுதான் கேக்கறேன்."

"மேடு இருந்துச்சே."

அவன் வண்டி நின்ற மேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு சொன்னா நம்மூர்ல மேடு இல்லன்னு? நாங்க வருஷா வருஷம் கட்டறோம்." அவள் வரப்புக்கு அந்தப் பக்கம், உப்பு அம்பாரம் நிற்க வேண்டிய வெற்றிடத்தைக் கையால் காட்டினாள். "அன்னிக்கு நான் அம்பாரத்து மேல இருந்தேன். மழையில கீத்து கலைஞ்சு கெடந்துச்சு, மூடிக்கிட்டு இருந்தேன். அந்த வருஷம் நல்ல வெளைச்சல், ரெண்டாள் ஒசரத்துக்கு மேல கட்டியிருந்தோம். அக்கா இந்த வரப்பு மேலதான் ஓடி வந்தா. பொடவைய இடுப்புல சொருகிக்கிட்டு, எதையும் திரும்பிப் பாக்காம, நேரா அம்பாரத்தப் பாத்து ஓடி வந்தா. பூமயிலு, மேல ஏறு, எறங்காத, அவரு மேட்டுக்குப் போகச் சொன்னாருன்னு கத்திக்கிட்டே வந்தா."

காற்று வறண்ட பாத்தியிலிருந்து தூசியை எடுத்துப் போயிற்று.

"வூட்டப் பூட்டிட்டு வந்தா பாருங்க, அதுலதான் நேரம் போயிருக்கும்," என்றாள் பூமயில். "அடியில வந்துட்டா. நான் படுத்துக்கிட்டு கைய நீட்டினேன். வெரல் பட்டுச்சு அத்தான். ஈரக் கை. உப்புத் தண்ணியில வழுக்கிடுச்சு. அப்புறம் தண்ணிதான். அம்பாரம் அடியில கரைஞ்சுக்கிட்டே இருக்கு, நான் ஏறிக்கிட்டே இருக்கேன். தண்ணி வடிஞ்சப்ப எம் மொழங்கால் ஒசரத்துக்குத்தான் உப்பு மிச்சம் இருந்துச்சு."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீங்க லீவுல வந்தப்பல்லாம் அவ கேட்டதையே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எந்த மேட்டுக்குன்னு கேட்டா, எந்த மேட்டுக்குன்னு கேட்டான்னு. அவளுக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னா, அப்புறம் என்னப் பாக்கறப்பல்லாம் அந்தக் கைதானே உங்களுக்குத் தெரியும்."

அவர்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. பாத்தியின் மூலையில் தேங்கிக் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், போனை வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டு அவள் ஓடியிருக்கிறாள். அவள் தேடி ஓடிய உப்பு மேட்டை, இப்போது அவன் மேடு எழ விடாமல் செய்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொன்னபோது நானா ஏன் என்று கேட்கவில்லை. பூண்டு வியாபாரிக்குப் போன் போட்டார். வண்டியைக் கொண்டுபோய்விட வேறு ஆள் வேண்டுமா என்றார், நானே போகிறேன் என்றான் தியாகேசன்.

புறப்படுகிற அன்று காலையில் நாட்டார் தனபால்தான் முதலில் வந்தார். அவர் துண்டை உதறித் தன் தம்பியின் கல் பக்கத்தில் விரித்து உட்கார்ந்துகொண்டார். "எல்லை வரைக்கும் வரேன்," என்றார். அவருக்குப் பின்னால் செவத்தகன்னி, அவளுக்குப் பின்னால் ஊர். செத்தவர்களை எல்லை வரைக்கும் வழியனுப்ப ஆண்கள் மட்டும்தான் போவது வழக்கம். அன்றைக்கு யாரும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை. அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் வண்டியை முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க விடாமல், மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக நகர்த்தினான். மேடு நகர்ந்தது. தேர் வருகிற மாதிரி, சனத்தையும் கற்களையும் நாற்காலியையும் ஸ்டம்பையும் ஆடுகளையும் சுமந்துகொண்டு, கிழக்குத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தெருக்களை மெல்ல உயர்த்தி மெல்ல அமர்த்தி, வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்தது. வழியெல்லாம் ஒரு குழந்தை கடல் தெரிகிறது கடல் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தது.

பாலத்தில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கல்லை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, கல் போகட்டும் என்று விட்டவர்கள் உண்டு. செவத்தகன்னி செங்கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கெடந்து மலையில குளுருல என்னாத்துக்கு. சளி புடிச்ச ஆளு," என்றாள். நாட்டார் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அன்றிலிருந்து மறுபடி ஒரு காதைத் திறந்து வைத்துத்தான் அவர் தூங்க வேண்டும், அது அவருக்கும் தெரியும், வண்டியில் இருந்தவனுக்கும் தெரியும்.

எல்லாரும் இறங்கியதைப் பார்க்கத் திரும்பியபோது அவனுக்குக் கால் எட்டவில்லை. கட்டைவிரல் நுனி ஒரு கல்லில் பட்டு வழுக்கியது. வண்டி அவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. உப்பளத்திலிருந்து குறுக்கே வந்துகொண்டிருந்த பூமயில் பாலத்தில் ஏறினாள், புடவையைச் சொருகிக்கொண்டாள், பின்பக்கப் பெட்டியின் அடியில் கை கொடுத்தாள்.

"தூக்குங்க," என்றாள். "மூச்ச இழுத்துக்கிட்டு. ம்."

வண்டி நிமிர்ந்தது.

கொடைக்கானல் சாலையில் மலை தொடங்குகிற இடத்தில், அவனுக்குக் கீழே இருந்த மேடு, ஆற்றில் வாய்க்கால் சேர்கிற மாதிரி, மலைக்குள் போய்விட்டது. எங்கே சேர்ந்தது என்று அவனால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பூண்டு வியாபாரியின் வாசலில் அது வெறும் வண்டியாக நின்றது, கொஞ்சம் உயரமான, உதிரிப் பாகம் கிடைக்காத வண்டி. அவன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினான்.

பூமயிலும் மற்றப் பெண்களும் நான்காவது முறை பாத்தியை மிதித்தார்கள். தண்ணீர் விரல் கனத்துக்கு ஒரே சீராக நின்றது. உப்பு பிந்திப் பூத்தது, ஆனால் பூத்தது. சித்திரையும் வைகாசியும் வெயில் கொளுத்தி, பிந்தியதையெல்லாம் ஈடு செய்தது. வாரி வாரி வரப்போரத்தில் கட்டினார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், கீற்று போட்டு மூடுகிற நாளில், தியாகேசன் கூப்பிடாமலே அங்கே போனான். அம்பாரம் இரண்டாள் உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. உச்சியில் பூமயில் கீற்றைப் பரப்பிக்கொண்டிருந்தாள், காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

அவன் வரப்பில், கலாமணி ஓடிவந்து நின்ற இடத்தில் நின்றான். சட்டைப்பையில் அந்தப் பழைய வீட்டுச் சாவி இருந்தது, எப்போதும் இருப்பதுபோல. காதுக்குள் அவள் கேட்டாள். புளி எந்தக் கடையில் வாங்குவது என்கிற அதே குரலில் கேட்டாள்.

"என்ன அத்தான், கீழ நின்னுக்கிட்டு?" என்று மேலே இருந்து சத்தம் போட்டாள் பூமயில். "ஓலையப் புடிக்க ஆள் இல்ல. ஏறுங்க." குப்புறப் படுத்து, கையை நீட்டினாள்.

அவன் எட்டிப் பிடித்தான். காய்ந்த கை, உப்புப் பூத்து, மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று இருந்தது. காலடியில் உப்பு நொறுநொறுவென்று சரிந்தது, கை வழுக்கவில்லை.